தேயிலைக் கழிவும் சாந்தியின் முளைப்பாரியும்

அந்தப் பேசினைக் கான் ஓரத்தில் வைத்திருந்தார்கள். லயம் என்கிற எங்கள் வரிசை வீடுகளின் அழுக்குத் தண்ணீர் முழுக்க ஓடுகிற கான். மழை வேறு தூறிக்கொண்டிருந்தது. மற்றப் பெண்களின் பதினெட்டுச் சட்டிகளும் உள்ளே, ஜன்னலில் சாக்குக் கட்டி இருட்டாக்கிய காம்பிராவில், மஞ்சள் தண்ணீரும் சாம்பிராணியுமாக இருந்தன. என் தங்கச்சி சாந்தியின் பேசின் மட்டும் வெளியே.

"இது ஏன் வெளிய கெடக்கு?" என்று கேட்டேன்.

முளைப்பாரி வீட்டைப் பார்த்துக்கொள்கிற அக்கா என் முகத்தைப் பார்க்காமல் பதில் சொன்னார். "அது ஆகாது டீச்சர். உள்ள வச்சா மத்ததுக்கும் தோஷம்னு கோயில் தலைவர் சொல்லிட்டாரு."

குனிந்து பார்த்தேன். கறுப்பாக, ஈரமாக, தேயிலை மணத்தோடு ஒரு பேசின். பொட்டுப் பச்சை இல்லை. விரலால் கிளறியபோது பயறுகள் கைக்கு வந்தன. உப்பியிருந்தன. தோல் வெடித்திருந்தது. வேர் நுனி கொஞ்சம் எட்டிப் பார்த்து, அப்படியே பழுப்பாகக் கருகியிருந்தது.

அழுகவில்லை, பூச்சி அரிக்கவில்லை. முளைக்க ஆரம்பித்து நின்றுபோயிருந்தன. அப்போதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. நான் கேட்ட முதல் கேள்வி, "வெத பழசாடி?" என்பதுதான்.

சாந்தி இஸ்தோப்பில், அதாவது காம்பிராவுக்கு முன்னால் இருக்கிற அந்தச் சின்ன விறாந்தையில், சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். அழுதிருக்கவில்லை. அழுது முடித்தவளின் முகமும் இல்லை.

"வெதய யாரும் கேக்கலக்கா. என்னயத்தான் கேக்குறாங்க," என்றாள்.

போன வாரம் இந்தப் பத்தியில் என் முதல் நியமனத்தைப் பற்றி எழுதி, பாதியில் விட்டிருந்தேன். அது கிடக்கட்டும். எங்கள் தோட்டத்தில் மறுபடி திருவிழா வருகிறது என்று இந்த வாரம் சேதி வந்தது. கூடவே அந்தப் பழைய கோபமும் வந்துவிட்டது. கோபத்தோடு எழுதினால் எழுத்து கெட்டுப்போகும் என்பார் எங்கள் பள்ளிக்கூட அதிபர். கெட்டால் கெடட்டும்.

வைக்கோல் இல்லாத ஊர்

எங்கள் தேயிலைத் தோட்டம் கொட்டகலையிலிருந்து உள்ளே. பஸ்ஸை விட்டு இறங்கி முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும். நான் பள்ளிக்கூடக் குவாட்டர்ஸுக்குப் போய்விட்டேன். சாந்தி அங்கேயே கல்யாணம் கட்டி, அங்கேயே கொழுந்து எடுக்கிறாள்.

மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய அன்றே பெண்கள் முளைப்பாரி போடுவார்கள். மண்ணும் எருவும் நிரப்பிய சட்டியில் ஊறவைத்த பயறு, மொச்சை, தட்டைப்பயறு எல்லாம் விதைத்து, எல்லாச் சட்டியையும் ஒரே இருட்டு அறையில் அடுக்கி, ஒன்பது நாள் விரதமிருந்து வளர்ப்பார்கள். வெயில் படாத முளை வெளிர் மஞ்சளாக நெடுநெடுவென்று நிற்கும். ஒன்பதாம் நாள் அதைத் தலையில் வைத்து ஊர்வலம் போவார்கள்.

சட்டி செழித்தால் அவள் கைராசிக்காரி. கல்யாணப் பேச்சில்கூட அதைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். செழிக்காவிட்டால் என்ன ஆகும் என்று எனக்கு அந்த வருஷம்தான் தெரிந்தது.

கடல் தாண்டி வந்த எங்கள் ஆட்கள் ஊரில் இருந்தபோது அடியில் வைக்கோல் பரப்பி, மேலே சாண எரு போட்டார்களாம். இங்கே ஏது வயல், ஏது வைக்கோல்? மாடு வைத்திருக்கிற வீட்டில் கொஞ்சம் சாண எரு வாங்கி மண்ணில் கலப்பார்கள். அவ்வளவுதான்.

அதற்கும் அந்த வருஷம் வந்தது பஞ்சம். அது உரம் நின்றுபோன வருஷம். இனி இரசாயன உரம் வராது, எல்லாரும் சேதனப் பசளைக்கு, அதாவது இயற்கை உரத்துக்கு, மாறுங்கள் என்று மேலே இருக்கிறவர்கள் திடுதிப்பென்று முடிவு பண்ணிவிட்டார்கள். லயத்துக்குப் பின்னால் கேரட்டும் லீக்ஸும் போடுகிறவர்கள் சாணத்துக்கு அலைந்தார்கள். மாட்டுக்குப் பின்னாலேயே கூடையோடு நின்றார்கள் என்றால் சிரிப்பீர்கள். நான் கண்ணால் பார்த்தேன்.

அந்த நேரம் பார்த்து, தோட்டத்தில் பெரிய தர்மம் பண்ணுகிற மாதிரி, தொழிற்சாலைக் கழிவை மூட்டை மூட்டையாகக் கொடுத்தார்கள். தேயிலையை அரைத்துச் சலித்த பிறகு மிஞ்சுகிற தூசு, நார், காம்பு. காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில், வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு அறிவித்தாராம், வீட்டுக்கு ஒரு மூட்டை, பசளைக்குப் பதிலாகப் போட்டுக்கொள்ளுங்கள் என்று.

சாந்தி எனக்குப் போன் பண்ணினாள். "அக்கா, சாணம் எங்கயும் கெடைக்கல. முளைப்பாரிக்கு இந்தக் கழிவுத் தூளப் போட்டா ஆகுமா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தாராளமா போடு. எங்க குவாட்டர்ஸ் ரோசாவுக்கு அதத்தான போடுறேன். எப்படிப் பூக்குதுன்னு நீதான் பாத்தியே."

"எவ்வளவு போடட்டும்?"

"மண்ணு பாதி, தூளு பாதி போடு."

சொன்னது நான். வருஷக்கணக்காக விஞ்ஞானப் பாடம் எடுக்கிற நான். மற்றவர்களைத் திட்டுவதற்கு முன்னால் இதை எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன். எழுதிவிட்டேன்.

என்னென்ன கேட்டார்கள்

"வீட்டுக்குத் தூரமா இருந்துக்கிட்டு மறைச்சிட்டியா?" இது முதல் கேள்வி. கேட்டது ஒரு ஆம்பளை, நாலு பேருக்கு நடுவில்.

"கறி மீன் ஏதாச்சும் தொட்டியா?" இது இரண்டாவது.

மூன்றாவது கேள்வியை யாரும் நேரே கேட்கவில்லை. சாந்தியின் புருஷன் குமார் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறான். மாதம் ஒருமுறை ரயிலேறி வருவான். ஆகவே பீலியில் தண்ணீர் பிடிக்கிற இடத்தில், "புருசன் ஊர்ல இல்லாத வீடு" என்று ஒருத்தி ஆரம்பித்தால் போதும். மீதியை மற்றவர்கள் தொண்டையைச் செருமியே பேசி முடித்துவிடுவார்கள்.

சாந்தியின் மாமியாருக்குச் செருமத் தெரியாது. "எம்மகன் அங்க அடுப்புல வேகுறான். இவ இங்க என்னென்ன பண்றாளோ, அந்த ஆத்தாளுக்குத்தான் வெளிச்சம்," என்று இஸ்தோப்பில் நின்றே சொன்னார். நான் அங்கே நிற்கிறேன் என்று தெரிந்துதான் சொன்னார்.

கோயில் தலைவர் தீர்ப்பும் சொல்லிவிட்டார். ஊர்வலத்தன்று காலையில் சாந்தி தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈரத்துணியோடு கோயில் வாசலில் நிற்க வேண்டும். என்ன தப்புப் பண்ணினாள் என்று எல்லார் முன்னாலும் வாயால் சொல்லி, அம்மனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் கோயிலுக்கு வரக்கூடாது.

மாமியார் தன் பங்குக்கு ஒன்று சேர்த்தார். "மன்னிப்புக் கேக்காம எவளும் என் வாசப்படி மிதிக்கக் கூடாது. புள்ளய விட்டுட்டு எங்க வேணா போகட்டும்."

பிள்ளை என்றது சாந்தியின் மகளை. நாலு வயது. அவள் பாட்டுக்கு அம்மாவின் மடியில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"பண்ணாத தப்ப என்னன்னுக்கா சொல்றது?" என்று சாந்தி கேட்டாள். "ஏதாச்சும் ஒண்ணச் சொல்லித் தொலைக்கலாம்னா, எதச் சொன்னாலும் நாளைக்கு எம்மக தலையில வந்து விடியும்."

"குமாருக்கிட்டப் பேசுனியா?"

"பேசுனேன். மன்னிப்புக் கேட்டுட்டா என்ன கொறஞ்சா போயிருவன்னு கேட்டாரு. ஊர் வாய மூடணுமாம்."

எனக்கு உச்சந்தலை வரைக்கும் பத்திக்கொண்டு வந்தது. ஊர் வாயை மூடுவதற்கு இவள் வாயைத் திறந்து பொய் சொல்ல வேண்டுமாம்! அவனை அப்போதே போனில் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்டேன். "மதினி, நீங்க படிச்சவங்க, ஒங்களுக்கு இதெல்லாம் புரியாது," என்று வைத்துவிட்டான்.

டர்பன்டைன் மரத்தடி

திரும்பி வரும் வழியில் ஒரு டர்பன்டைன், அதாவது யூக்கலிப்டஸ், தோப்பு இருக்கிறது. சின்ன வயதில் நாங்கள் விளையாடியதெல்லாம் அதற்கடியில்தான். காரணம் சாதாரணமானது. அங்கே புல் கிடையாது, புதர் கிடையாது, அதனால் அட்டைக்கடியும் குறைவு. தரை முழுக்கக் காய்ந்த இலை மட்டும் சருகு சருகாகக் கிடக்கும். காலில் எண்ணெய் மணம் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும்.

வருஷா வருஷம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரு டர்பன்டைன் மரத்தடிக்குக் கூட்டிப் போய், "இங்க ஏன் புல் முளைக்கல?" என்று கேட்பேன். நிழல் என்பார்கள். பக்கத்திலேயே வேறு மரத்து நிழலில் புல் தளதளவென்று நிற்பதைக் காட்டுவேன். அப்புறம்தான் யோசிப்பார்கள்.

விழுந்த இலையில் மழை இறங்கும்போது, அதிலிருக்கிற எண்ணெயும் அமிலமும் கரைந்து மண்ணுக்குப் போகும். மற்ற விதைகளின் வேரை அது நீள விடாது. செடிகளுக்குக் காலில்லை, கையில்லை. இடம் பிடிக்க இரசாயனம்தான் இருக்கிறது. உயிரோடு இருக்கும்போது மட்டுமில்லை, உதிர்ந்து சருகாகி, அறுத்துப் போட்டு, அரைத்துக் கொட்டிய பிறகும் அது வேலை செய்யும். இப்படியெல்லாம் நான் அழகாகப் பாடம் நடத்துவேன்.

அன்றைக்கு அந்தச் சருகின் மேல் நடந்துகொண்டிருந்தபோதுதான் மண்டையில் உறைத்தது. தேயிலை மட்டும் என்ன சும்மாவா? அதில் இருப்பது கஃபீன். நமக்குத் தூக்கத்தைக் கலைக்கிற அதே சாமான், ஒரு சின்ன வேர் நுனிக்கு விஷம். என் ரோசா வளர்ந்த செடி. அதன் வேர் ஆழத்தில் இருக்கிறது, நான் தூவியது மேலே ஒரு பிடி. சாந்தியின் பயறோ பிறந்த வேரை அந்தத் தூளுக்குள்ளேயே நீட்ட வேண்டியிருந்தது. அதுவும் பாதிக்குப் பாதி. நான் சொன்ன கணக்கு!

பாதையில் நின்று என்னையே திட்டிக்கொண்டேன். என்ன திட்டு என்று பத்திரிகையில் எழுத முடியாது.

இரண்டு தட்டு

வீட்டுக்கு வந்ததும் இரண்டு தட்டில் பஞ்சு விரித்தேன். இரண்டிலும் ஒரே பையிலிருந்து இருபது இருபது பயறு. ஒரு தட்டுக்குக் குழாய்த் தண்ணீர். இன்னொன்றுக்கு, கழிவுத் தூளை ஊறவைத்து வடித்த தண்ணீர். வேறு யார் கையும் படாமல் அலமாரிக்குள் வைத்தேன். தெரிந்தேதான் ஒரு காரியம் செய்தேன். எனக்கு அன்றைக்கு வீட்டுக்குத் தூரம். குளிக்காமல், சாமி கும்பிடாமல், வேண்டுமென்றே இரண்டு தட்டையும் நானே தொட்டு வைத்தேன்.

மூன்றாம் நாள் காலை குழாய்த் தண்ணீர்த் தட்டில் இருபதும் விரற்கடை நீளம் வேர் விட்டிருந்தன. மற்றத் தட்டில் ஒன்றுமில்லை. உப்பி, வெடித்து, நுனி கருகிய அதே பயறுகள்.

இரண்டையும் ஒரு பிஸ்கட் பெட்டியில் வைத்து மடியில் ஏந்திக்கொண்டு பஸ் ஏறினேன். நேரே தலைவர் வீட்டுக்குப் போனேன். அவர் மரியாதையாகத்தான் உட்காரச் சொன்னார். பிளேன்டீ வந்தது. நான் தட்டைக் காட்டி விளக்கிச் சொன்னேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

கடைசியில் சொன்னார், "எல்லாஞ் சரிங்க டீச்சர். ஆனா இது பயறு. அது அம்மன்."

"அம்மன் சட்டியிலயும் பயறுதான தலைவரே போட்டது?"

"ஒங்க படிப்பு வேற, எங்க நம்பிக்க வேற. இத ரெண்டையும் கொழப்பாதீங்க."

அப்போதுதான் அவர் வீட்டுப் பின்பக்கம் கண்ணில் பட்டது. கேரட் பாத்தி. வரிசை வரிசையாக மண் அணைத்து, மேலே கறுப்பாகக் கழிவுத் தூள் பரப்பியிருந்தது. ஒரு நாற்று இல்லை. மொட்டைத் தலை மாதிரிக் கிடந்தது.

"அந்தப் பாத்தியில ஏன் ஒண்ணும் மொளைக்கல?" என்று கேட்டேன்.

"அதா? கடக்காரன் பழைய வெதயக் குடுத்து ஏமாத்திட்டான் டீச்சர். ரெண்டு தடவ போட்டுட்டேன்."

"அங்க யாரு விரதம் தப்புனது?"

அவர் முகம் சிவந்துவிட்டது. "வார்த்தைய அளந்து பேசுங்க டீச்சர். பொம்பளன்னு பாக்குறேன்."

ஆம்பளை பாத்தியில் முளைக்காவிட்டால் விதை சரியில்லை. பொம்பளை சட்டியில் முளைக்காவிட்டால் பொம்பளை சரியில்லை. இரண்டுக்கும் ஒரே மூட்டைத் தூள்தான் என்று எத்தனை தட்டு வைத்துக் காட்டினாலும் அந்தக் கண்ணுக்குத் தெரியாது. பிளேன்டீயைத் தொடாமல் எழுந்து வந்தேன். எங்கள் பக்கத்தில் அது பெரிய அவமரியாதை. தெரிந்துதான் செய்தேன்.

"யாரும் கேக்கலையே"

வழியில் கண்டாக்கைப் பிடித்தேன். வெளியூர்க்காரர், சின்ன வயது, சிரித்த முகம். தட்டைப் பார்த்ததும் அவருக்கு உடனே விளங்கிவிட்டது.

"பச்சையா போட்டாங்களா? ஐயோ, அப்படிப் போடக் கூடாதே டீச்சர். மாசக்கணக்குல மக்க வைக்கணும். கன்னு வளக்குற தவறணையில நாங்க அதப் பச்சையா தொடவே மாட்டோம்."

"மூட்டையக் குடுக்கும்போது அத ஏன் சொல்லல?"

"யாரும் கேக்கலையே," என்றார், அதே சிரித்த முகத்தோடு.

தேயிலைக் கன்றுக்கு ஆகாது என்று தெரியும். கம்பனிக் கன்று சாகக் கூடாது. பழைய தேயிலையைப் பிடுங்கின மலையில்கூட உடனே கன்று வைக்க மாட்டார்கள், இரண்டு வருஷம் புல் வளர்த்து மண்ணை ஆறவிடுவார்கள். அத்தனை பக்குவம் தெரிந்தவர்களுக்கு, லயத்துச் சனத்திடம் ஒரு வரி சொல்ல வாய் வரவில்லை. அந்த ஒரு வரி இருந்திருந்தால் என் தங்கச்சியின் பேசின் கான் ஓரத்துக்குப் போயிருக்காது. நானும் பிஸ்கட் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மலை மலையாக அலைந்திருக்க வேண்டியதில்லை.

குமார் வந்தான்

திருவிழாவுக்கென்று லீவு போட்டுக் குமார் அன்று மத்தியானம் வந்தான். லயத்துக்கு ஏறுகிற பாதையிலேயே மறித்து, பெட்டியைத் திறந்து காட்டினேன். அவன் மடையனில்லை. சமையல்கட்டில் பயறு ஊறவைத்து முளை கட்டுகிறவன். இரண்டு தட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். ஒரு பயறை எடுத்து நசுக்கி மணந்தான்.

"தேயிலத் தண்ணிதான் இப்படிப் பண்ணுதா மதினி?"

"வேற என்ன?"

நீளமாக ஒரு மூச்சு விட்டான். ஏதோ கல்லை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. எனக்கும் அப்படித்தான் இருந்தது. சாந்தி தப்பித்துவிட்டாள், இனி யார் முன்னாலும் போய் நிற்க வேண்டாம் என்று நினைத்தேன்.

விறுவிறுவென்று மேலே போனோம். இஸ்தோப்பில் மாமியார் இருந்தார். சாந்தி மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். குமார் சத்தமாக, பக்கத்துக் காம்பிராக்களுக்கும் கேட்கட்டும் என்றுதான், சொன்னான்.

"அம்மா, சாந்தி மேல ஒரு தப்பும் இல்ல. மதினி வெதைய வச்சுக் காட்டிட்டாங்க. எல்லாம் அந்தக் கழிவுத் தூளு பண்ணுன வேல. அவ மன்னிப்பெல்லாம் கேக்க வேணாம். நான் போய்த் தலைவருக்கிட்டப் பேசிக்கிறேன்."

நான் சாந்தியைப் பார்த்தேன். ஒரு சிரிப்பாவது வரும் என்று எதிர்பார்த்தேன்.

அவள் சீப்பைக் கீழே வைத்தாள். எழுந்து வந்து, குமார் கையிலிருந்த பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். எது எந்தத் தண்ணீர் என்று கேட்டாள். சொன்னேன்.

"இந்தத் தட்டுலயும் மொளைச்சிருந்தா?" என்று கருகிய தட்டைக் காட்டி, குமாரைப் பார்த்துக் கேட்டாள்.

"என்னது?"

"இதுலயும் மொளைச்சிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

குமார் என்னைப் பார்த்தான். அதற்குப் பதில் சொல்ல நான் எதற்கு?

"ஏழு வருசம் ஒங்களோட குடும்பம் பண்றேன்," என்றாள் சாந்தி. குரலை உயர்த்தவே இல்லை. "நான் சொன்னப்ப நம்பல. பயறு சொன்னதும் நம்பிட்டீங்க."

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். மாமியார் "புள்ளய விடுடி" என்றார். குமார், "அம்மா, பேசாம இரு," என்றான். யாரும் மறிக்கவில்லை. மறித்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது, அவள் முகம் அப்படி இருந்தது.

முளைப்பாரி ஊர்வலம் பதினெட்டுச் சட்டியோடு போனது. சாந்தி மன்னிப்புக் கேட்கவில்லை. நாலு மாதம் என்னோடு குவாட்டர்ஸில் இருந்தாள். அங்கிருந்தே பஸ் பிடித்துக் கொழுந்தெடுக்கப் போனாள். குமார் மூன்று தடவை வந்து கூப்பிட்டான். அவன் கொழும்பு வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்து, தனியாக ஒரு காம்பிரா கேட்டு வாங்கிய பிறகுதான் போனாள். இப்போது நன்றாகத்தான் இருக்கிறார்கள். அது அவர்கள் பாடு.

என் பாடுதான் இன்னும் தீரவில்லை. அன்றைக்கு லயத்திலிருந்து இறங்கி வரும்போது, மகளைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்த சாந்தி திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"நீயும் அதத்தானக்கா மூணு நாளா பாத்துக்கிட்டு இருந்த?"

"ஒனக்காகத்தானடி வச்சேன்," என்றேன்.

அவள் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இதைச் சொல்லியிருப்பேனா, தெரியாது. இரண்டாம் நாள் காலையில் கழிவுத் தண்ணீர்த் தட்டில் ஒரு பயறு வெள்ளையாக நுனி நீட்டியிருந்தது. பின்னேரம் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தபோது கருகியிருந்தது. ஆனால் அந்த ஒரு பகல் முழுக்க, வகுப்பில் நின்று பாடம் எடுத்துக்கொண்டே, அந்த லயத்து ஆம்பளைகளை ஒவ்வொருத்தராக மனதுக்குள் சாந்தியின் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தேன். இவனாக இருக்குமோ, அவனாக இருக்குமோ என்று.

மாமியாராவது தன் சந்தேகத்தை வாயால் சொன்னார்.